அன்று தபால் பை தாமதம்

சாந்த்-ஓடீல் பங்கு, கேப் பிரெட்டன் தீவு, கனடா
24 மார்ச் 1979, சனிக்கிழமை

என் மகன் ராவுலுக்கு,

நீ உடல் சுகத்தோடும் மனத் தெளிவோடும் இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் செபிக்கும் அம்மா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் படியேற மறுக்கிறது. கடலில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை. செவ்வாய்க்கிழமை மலைக்காற்று கொட்டகைக் கூரையில் நான்கு தகடுகளைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கோயில் மணியடிக்கும் பிளசீத் ஏணியோடு வந்து ஆணி அடித்துக் கொடுத்தார். எழுபத்தொரு வயதில், அந்தக் கோணல் கழுத்தோடு, கூரைமேல். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எங்கள் கம்பியில் ஆறு வீடுகள் இருக்கின்றன. நான் எடுத்தால் மற்ற ஐந்து வீட்டிலும் எடுக்கிறார்கள். மத்தில்த் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பாள். அவள் நாய்க்கு அடக்கத் தெரியாது.

உன் நாவல் ‘தீவை விட்டவன்’ வந்து சேர்ந்த அன்றே படித்து முடித்தேன். மொந்த்ரியாலில் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. மகிழ்ச்சி. பிறகு, மடத்துப் பள்ளியில் மதர் சேன்-லேயோன் எங்களைப் பழக்கியபடி, சிவப்புப் பென்சிலோடு இரண்டாம் முறை படித்தேன். முப்பத்தொரு இலக்கணப் பிழைகள். தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இவை தவிர, உன் நாயகன் சில்வேன் அக்டோபர் மாதத்தில் சிங்கிறால் பிடிக்கிறான். தடைக்காலமான அக்டோபரில் நம் கரையில் கூண்டு இறக்கினால் காவல்துறைதான் பிடிக்கும். உன் தந்தை உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடியிருப்பார்.

என்னைப் பதினொன்றாம் பக்கத்தில் கொன்றுவிட்டாய். காசநோய். கையில் செபமாலை, உதட்டில் புன்னகை. ஊரைவிட்டுப் போக வேண்டிய நாயகனுக்குத் தாய் இருப்பது இடைஞ்சல் போலும். அந்தப் புண்ணியவதி போர்த்தியிருக்கும் நீலப் போர்வை மட்டும் என்னுடையது. அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

அது போதாதென்று நூற்று நாற்பதாம் பக்கத்தில் தபால் நிலையத்தில் ஒரு தடித்த பெண்ணை உட்கார வைத்திருக்கிறாய். தபால்தலைகளை நாக்கால் நக்கிக்கொண்டே வம்பு பேசுகிறவள். முப்பத்து நான்கு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். ஒரு தபால்தலையைக்கூட நாக்கில் வைத்ததில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்திருந்தேன். அதில் தண்ணீர் ஊற்றுவது உன் வேலையாக இருந்தது. அவளைப் பற்றி ஒரு வரி வருகிறது: “அன்று தபால் பை தாமதம், அவள் வழக்கம்போல் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.” என் பை ஒருநாளும் தாமதமாக இறங்கியதில்லை. பதிவேட்டில் பார்க்கலாம். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடு.

இதெல்லாம் என் குறைகள். நான் பொறுத்துக்கொள்வேன். பிளசீத் விஷயம் அப்படியல்ல.

பங்கு மன்றத்தில் புதன்கிழமைதோறும் பெண்கள் கம்பளம் பின்னக் கூடுகிறார்கள். மத்தில்த் உன் புத்தகத்தை உரக்கப் படிக்கிறாள். மற்றவர்கள் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நாவல் படித்துப் பழக்கமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது தவக்கால நடு வியாழன் ஆட்டம் ஒன்றுதான். முகமூடி போட்டுக்கொண்டு யாரோ வீட்டுக்குள் வருவார்கள், நடையையும் கையையும் பார்த்து ஆளைச் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் வந்தவர் முகமூடியைக் கழற்ற வேண்டும். உன் நாவலையும் அப்படித்தான் கேட்டார்கள். ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் “யாரு இது? இது யாரு?” என்ற கேள்விதான். கஞ்சக் கடைக்காரன் யார் என்பதில் இரண்டு புதன்கிழமைகள் சண்டை நடந்தது. மூன்று குடும்பங்கள் அவனைத் தங்கள் தாத்தா என்று உரிமை கொண்டாடின.

கோயில்பிள்ளை பிலேயாஸ் வந்தபோது சண்டையே இல்லை. கோணல் கழுத்து, மணிக்கயிறு, கல்யாணம் ஆகாதவன். மத்தில்த் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நான்கு பேர் பிளசீத்தின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சில்வேனும் அந்தப் பெண்ணும் தபால் படகில் ஓடிப்போகத் திட்டமிடுவதை ஒட்டுக்கேட்டு, ஒரு பாட்டில் திருப்பலி ஒயினுக்காகச் சாமியாரிடம் காட்டிக்கொடுத்து, காலை மணியை முன்னதாக அடித்து அவரைத் துறைக்கு வரவழைக்கும் பிலேயாஸ். உன் விஷயம் ஊருக்குத் தெரியும், ராவுல். 1951-இல் நீயும் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் ஃப்ளோராவும் துறையில் பிடிபட்டது தெரியும். அன்று மணி முன்னதாக அடித்ததும் தெரியும். ஆனால் ஏன் அடித்தது என்று இத்தனை வருடம் யாரும் கேட்டதில்லை. இப்போது நீ பதில் சொல்லிவிட்டாய், கெட்டி அட்டையில்.

முந்தாநாள் நடு வியாழன். வழக்கம்போல் பிளசீத் என் சமையலறை அடுப்பருகே தேநீரோடு உட்கார்ந்திருந்தார். விளக்கேற்றிய சற்று நேரத்தில் ஐந்து பேர் வந்தார்கள். ஐவரும் ஒரே வேடம். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, தோளில் கயிறு, ஒரு கையில் மாட்டு மணி, மறு கையில் காலி ஒயின் பாட்டில். குரல் தெரியாமலிருக்க மூச்சை உள்ளிழுத்துப் பேசுவார்களே, அப்படி ஒருவன் பேசினான்: “மதாம், சாமியாருக்கு ஒரு சேதி இருக்கு. பாட்டில ரொப்பினா சொல்லுவேன்.” மற்ற நால்வரும் மணியை ஆட்டினார்கள்.

அவர்களுக்கு அவர் உள்ளே இருப்பது தெரியாது என்று நினைத்தேன். தெரிந்துதான் வந்திருக்கிறார்கள்.

பிளசீத் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து ஐவரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “நல்லாத்தான்டா பண்ணியிருக்கீங்க. ஆனா எனக்குக் கழுத்து இடது பக்கம் சாயும். அஞ்சு பேரும் வலது பக்கமா சாய்ச்சுக்கிட்டு நிக்கிறீங்களே! திருத்திக்கிட்டுப் போங்க, இல்லன்னா அடுத்த வீட்டுல சிரிப்பாங்க” என்றார். ஒருவன் தன்னையறியாமல் கழுத்தை இடது பக்கம் மாற்றினான்.

வலது பக்கம் என்று எழுதியிருப்பது உன் புத்தகத்தில். அவர்கள் புத்தகத்தைப் பார்த்து வேடம் போட்டிருக்கிறார்கள், பிறந்தது முதல் ஞாயிறுதோறும் பார்க்கிற ஆளைப் பார்த்து அல்ல.

ஐந்து பேரையும் காலணியை வைத்தே எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைக் காட்டுவார்கள். பிறகு அந்த முகங்களைக் கடையிலும் கோயிலிலும் நான் பார்த்தாக வேண்டும்.

மறுநாள் காலைப் பூசைக்குப் பின் பிளசீத் கோயில் சாவிகளைச் சாமியார் துவாரோனின் மேசையில் வைத்துவிட்டார். நேற்றிலிருந்து மூவேளை மணி அடிக்கவில்லை. சாமியார் இளவயதுக்காரர், கித்தார் வாசிக்கிறார், சண்டை என்றால் பயம். பங்குப் பேரவை குருத்து ஞாயிறன்று கூடி முடிவெடுக்கும் என்கிறார். “புள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்ற இடத்துல அந்தாளு எதுக்கு?” என்று பேரவையில் இருவர் இப்போதே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். வேலை போனால் வீடும் போகும். அது கோயில் வீடு. அவருக்கு வேறு வீடு கிடையாது, வேறு ஆளும் கிடையாது.

நீ செய்ய வேண்டியது சிறிய காரியம். நம் கரையோர வாரத்தாளுக்கு நான்கு வரி எழுது. பிலேயாஸ் கற்பனை, பிளசீத் அல்ல, 1951-இல் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. குருத்து ஞாயிறுக்கு முன்பு அச்சாக வேண்டும். ஈஸ்டர் திங்களன்று நீ மன்றத்தில் வாசிக்க வருகிறாய் என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள் அந்த மனிதருக்கு ஒரு கூரை மிஞ்ச வேண்டும்.

நன்றாகச் சாப்பிடு. இரண்டாவது மனைவியும் போய்விட்டாள் என்பதற்காகப் பட்டினி கிடக்காதே.

உன் நலம் நாடும் அம்மா,
ஒபெலீன் தெவோ


சாந்த்-ஓடீல் பங்கு
3 ஏப்ரல் 1979, செவ்வாய்க்கிழமை

என் மகன் ராவுலுக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். உன் கடிதம் நேற்று வந்தது. தட்டச்சில் அடித்திருக்கிறாய், தாய்க்கு எழுதும் கடிதத்தைக் கையால் எழுதுவதுதான் முறை.

நான்கு வரி கேட்டேன். நீ நான்கு பக்கம் எழுதி, அந்த நான்கு வரியை மட்டும் எழுத முடியாது என்கிறாய். நாவல் எப்படி அமைகிறது என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். துணைப் பாத்திரங்கள் கதவுகளைப் போன்றவர்கள், நாயகன் உள்ளே வரவும் வெளியே போகவும் மட்டுமே அவர்கள் இருக்கிறார்கள், கதவுக்கு மனம் உண்டா என்று வாசகன் கேட்பதில்லை, என்கிறாய். பிலேயாஸ் காட்டிக்கொடுக்காவிட்டால் சில்வேன் தீவைவிட்டுப் போகமாட்டான், போகாவிட்டால் கதை இல்லை, என்கிறாய். கடைசியில் இப்படி முடிக்கிறாய்: “மேலும், அம்மா, உண்மையில் அதைச் செய்தது பிளசீத்தானே? மணியை அடித்தது அவர்தானே? பொய் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?”

இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் எனக்குப் பிடித்தது. உண்மையல்லாததற்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்.

ஆகவே நீ கையெழுத்துப் போட வேண்டாம். நான் போடுகிறேன். கீழே எழுதியிருப்பதைக் குருத்து ஞாயிறன்று பேரவையின் முன் வாசிக்கப்போகிறேன். ஊருக்கு முன் உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் முதல் பிரதி உனக்கு.

1951 ஜூன் 2, சனிக்கிழமை. உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சாய்ந்த எழுத்து, ஊதா மை. முப்பத்து நான்கு வருடப் பணியில் பிறர் கடிதத்தை நான் திறந்தது ஒரே ஒரு முறை. கெண்டியின் ஆவியில் காட்டினேன். உறை எளிதாகப் பிரிந்தது. ஃப்ளோரா ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். மடத்தில் எங்களுக்கு ஆங்கிலமும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை மூவேளை மணி அடித்ததும் துறைக்கு வருவதாகவும், தபால் பை ஏறியவுடன் படகு கிளம்பிவிடும் என்றும், நம் தீவின் சிட்னி நகரில் அவளுடைய சபைப் போதகர் திருமணம் செய்து வைப்பார் என்றும் எழுதியிருந்தாள். அவள் நம் திருச்சபையைச் சேர்ந்தவள் அல்ல. உனக்குப் பதினேழு வயது. கடைசியில் ஒரு வரி இருந்தது. இருபத்தெட்டு வருடமாக அது எனக்கு மனப்பாடம். “உன் அம்மா மிகவும் நேர்மையானவர், பிறர் கடிதத்தைத் தொடமாட்டார் என்று நீ சொல்வதால் இதைத் தபாலிலேயே அனுப்புகிறேன்.”

திரும்ப ஒட்டினேன். உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உப்புமீனும் உருளைக்கிழங்கும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாய்.

ஞாயிறு மாலை அப்போதைய சாமியார் அமிரோவிடம் போனேன். கடிதத்தை நகல் எடுத்திருந்தேன். அவருக்குக் காது மந்தம்; எதையும் உரக்கத்தான் படிப்பார். பக்கத்து அறையில் பிளசீத் கணப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். வாளி சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. “செவ்வாய்க்கிழமை மணி அடிச்சதும் துறையில நிப்பேன். பையன் எங்கயும் போகமாட்டான், மதாம், கவலப்படாதீங்க” என்றார் சாமியார். கடிதத்தைத் திறந்தது பாவமா என்று கேட்டேன். தாய்க்கு அது கடமை என்றார். அவர் சொன்னது பிழை என்று அங்கேயே தெரிந்தது. ஆனால் அந்தப் பிழை எனக்கு வசதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பனிமூட்டம். மணி அடித்தபோது தபால் நிலையத்தில் பையை முத்திரையிட்டுக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து இருபது. ஆறு மணிக்கு அடிக்க வேண்டியதை நாற்பது நிமிடம் முன்னதாக அடித்திருக்கிறார்.

உன் புத்தகத்தில் அது சாமியாரைக் கூப்பிட அடித்த மணி. மந்தக் காதுக்காரரை மணியடித்தா எழுப்புவார்கள், ராவுல்? இருபத்தெட்டு வருடம் யோசித்து எழுதியவன் இதை யோசிக்கவில்லையே. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த மணி உனக்காக அடித்தது. ஊரில் கடிகாரம் பார்த்து எழுந்தவர் எவர்? நீ, அவள், படகுக்காரர் ஹிலேர், எல்லோரும் மணியைக் கேட்டுத்தான் எழுந்தீர்கள். நாற்பது நிமிடம் முன்னதாக அடித்தால், சாமியார் கண் விழிப்பதற்குள் நீங்கள் படகேறி முனையைத் தாண்டியிருப்பீர்கள். சாம்பல் வாளியோடு நின்று பிளசீத் போட்ட கணக்கு அது. நல்ல கணக்கு. ஒரே ஒரு கடிகாரத்தை அவர் மறந்துவிட்டார்.

ஹிலேர் மேட்டுக்கு ஏறி வந்தார். “மணி அடிச்சாச்சு, மதாம். பையக் குடுங்க, கிளம்பணும்.” நான் சுவரைக் காட்டினேன். என் கடிகாரத்தில் ஆறு ஆகவில்லை, அரசாங்கத்தின் பை அரசாங்கத்தின் நேரத்துக்குத்தான் இறங்கும் என்றேன். “அட, பனி இன்னும் கெட்டியாகுது மதாம், நாலு காயிதத்துக்கு என்ன நேரம் காலம்?” என்று கெஞ்சினார். விதியைக் காட்டினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே படகின் விளக்கு தெரிந்தது. அதில் நீ உட்கார்ந்திருந்தாய். உன் தொப்பி தெரிந்தது, அவள் தலைக்குட்டையும் தெரிந்தது. நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு முறைகூட வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ஆறு மணிக்குச் சாமியாரும் உன் தந்தையும் துறைக்கு இறங்கினார்கள். நான் அப்போதுதான் எழுந்தேன். ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. உன் கதையில் பை தாமதம் என்ற வரியை நான் எடுக்கச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதா? சில்வேனைத் தீவைவிட்டு அனுப்பியது பிலேயாஸ் அல்ல. நீ சிரிப்புக்காக ஒரு வரி எழுதித் தள்ளிய ரொட்டி தின்கிற தடிச்சிதான். நீ சொல்லும் கதவு அவள். அன்று அது பூட்டியிருந்தது.

துறையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். பிளசீத் ஓடி வந்தார். நீ அவர் முகத்தில் துப்பினாய். “யூதாஸ்! மணியடிச்சு எங்களக் காட்டிக்குடுத்தியே!” என்று ஊர் கேட்கக் கத்தினாய். அவர் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பையோடு மூன்றடி தூரத்தில் நின்றேன். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. அவர் அருகில் வந்து, “கனமா இருக்கும் மதாம், குடுங்க” என்று பையை வாங்கிப் படகில் இறக்கினார். மூன்று நாள் கழித்து நீ கல்லூரிக்குப் போனபோது உன் பெட்டியைத் தூக்கி வந்தவரும் அவர்தான். உன் புத்தகத்தில் அந்தக் காலையில் பிலேயாஸ் “ஓரமாய்ச் சிரித்தான்” என்று எழுதியிருக்கிறாய். கழுத்து சாய்ந்தவர் எப்படி நின்றாலும் ஓரமாய்ச் சிரிப்பது போலத்தான் இருக்கும்.

நான் செய்தது தவறா என்று கேட்டு உன்னை நீதிபதியாக்கப் போவதில்லை. உன்னை அனுப்பியிருக்காவிட்டால் நீ சிட்னியில் இரும்பாலையில் வேலை பார்த்திருப்பாய். மொந்த்ரியால் இல்லை, பரிசு இல்லை, எனக்கு முப்பத்தொரு பிழைகளும் இல்லை. இப்படிச் சொல்லியே பல வருடம் தூங்கியிருக்கிறேன். ஃப்ளோரா ஹாலிஃபாக்ஸில் மருந்துக்கடைக்காரர் ஒருவரை மணந்தாள், மூன்று பிள்ளைகள். நீ இரண்டு முறை மணந்தாய், யாரும் நிலைக்கவில்லை. அதை என் பேரில் எழுதுவாயோ எழுதமாட்டாயோ, உன் இஷ்டம். ஆனால் பிளசீத்தின் பேரில் எழுதியதை நான் விடமாட்டேன்.

ஒன்று கவனித்தாயா? இந்தக் கரையில் பிறந்த பாதிப் பேரைப் புத்தகத்தில் போட்டாய். எல்லோரையும் சரியாகப் பார்த்தாய். வாசற்படியில் நின்ற உன் தாயை மட்டும் இரண்டாகப் பிளந்து, ஒருத்தியைச் சாகடித்து, ஒருத்தியைக் கேலிப்பொருளாக்கினாய். ஒருவேளை உனக்குத் தெரிந்திருந்ததோ? சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்றா என்னைக் கொன்றாய்? இதற்குப் பதில் எழுதாதே.

அம்மா,
ஒபெலீன் தெவோ


சாந்த்-ஓடீல் பங்கு
9 ஏப்ரல் 1979, புனித வாரத் திங்கள்

என் அன்பு ராவுலுக்கு,

புனித வாரத்தின் அருள் உன்னோடு இருப்பதாக.

நேற்று வாசித்தேன். பேரவை மட்டும் இருக்கும் என்று போனேன்; மன்றம் நிறைந்திருந்தது. எல்லோர் கையிலும் குருத்தோலை. நின்றுகொண்டுதான் வாசிப்பேன் என்றேன். கண்ணாடி ஒரு முறை மங்கிற்று. துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஹிலேர் எழுந்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. “அன்னிக்கு நாப்பது நிமிஷம் குளிருல நின்னேன். கேட்டதுக்கு விதியக் காட்டுனீங்களே, மதாம்!” என்றார். சிலர் சிரித்தார்கள். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. இந்த ஊர் என்னைப் பார்த்துச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

நடு வியாழனன்று வந்த ஐவரில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். தங்கள் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தில்த் வெளியே வரும்போது வழியை மறித்தாள். “அப்போ எங்க காயிதத்தையும் பிரிச்சிருப்பீங்க, இல்ல?” என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. இனி இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். முப்பத்து நான்கு வருடமும் அந்த ஒரு நிமிட ஆவியில் பிரிந்துவிட்டது.

பேரவை ஒருமனதாகக் கை தூக்கிப் பிளசீத்தின் வேலையும் வீடும் அவருக்கே என்று முடிவு செய்தது. சாமியார் சாவிகளை என்னிடம் கொடுத்து, நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றார். போனேன்.

அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன். கதவைத் திறந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கோபம் காட்டியது இதுவே முதல் தடவை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எதுக்கு மதாம் சொன்னீங்க? ஊரு என்ன வேணா சொல்லட்டும். நான் அன்னிக்கு மணிய முன்னாடி அடிச்சேன்ல, அது எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு. வாழ்நாள்ல நானா நெனச்சு, நானா செஞ்ச ஒரே காரியம். தெனமும் கயித்தப் புடிக்கும்போது அத நெனச்சுக்குவேன். இப்ப அது ஊரு சொத்தாப் போச்சு. மத்தில்த் அதக் கம்பளத்துல பின்னுவா.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “ஜெயிக்காமப் போன மணிதான். ஆனா என்னோடது” என்றார்.

ராவுல், எனக்கு வயது எழுபத்து மூன்று. பிறர் உறையை இரண்டாம் முறை பிரித்துவிட்டேன்.

சாவிகளைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன். மாலை மணி அடிக்கவில்லை. இன்று காலையும் அடிக்கவில்லை. வரும் வியாழனோடு எல்லாக் கோயில் மணிகளும் உயிர்ப்பு வரை மௌனமாகிவிடும். அதற்கு முன் ஒரு முறைகூட அடிக்காமல் போய்விடுமோ என்று கம்பளி பின்னும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

நண்பகல் மணி அடித்தது. மூன்று, மூன்று, மூன்று, பிறகு நீளமாக.

என் பழைய தபால் நிலையக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓய்வு பெற்றபோது எனக்குக் கொடுத்தார்களே, அது. அதில் பன்னிரண்டுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நாற்காலியைப் போட்டு ஏறினேன், முழங்கால் வலித்தது. கண்ணாடியைத் திறந்து முள்ளை நான்கு நிமிடம் முன்னால் தள்ளிவைத்தேன்.

உன்னிடம் இனி எதையும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். ஒன்று கேட்கிறேன். ஈஸ்டர் திங்களன்று வந்து மேடையில் ஏறிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அதற்குப் பதில் பெரிய சனிக்கிழமை பகல் பேருந்தில் வா. உயிர்ப்புத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது மணி மறுபடி அடிக்கும் அல்லவா? அப்போது கோபுரத்துக்கு அடியில் போய் நில். எதுவும் பேச வேண்டாம். பேசினால் நீ அழகாகப் பேசிவிடுவாய். கயிற்றைப் பிடித்திருப்பவரின் கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள். அடுத்த பதிப்பில் அதையாவது திருத்து.

நீலப் போர்வையை வெளியே எடுத்து உன் கட்டிலில் விரித்திருக்கிறேன். கதவைப் பூட்டமாட்டேன். நீ வராவிட்டாலும் ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும்.

இந்தக் கடிதத்தைத் தபால் வண்டி கிளம்பும் முன் நானே நடந்துபோய்ப் போடுகிறேன். நேரத்துக்குப் போகும்.

பதினொன்றாம் பக்கத்தில் இறந்துபோன,
உன் அம்மா